ஸ்கோப்புக்குக் கீழே இருக்கும் இரும்பு: நோர்வேயில் வேட்டைக்குப் புறப்படும் இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

வேட்டைப் பரீட்சை எழுதி, பொலிஸிடம் அனுமதி எடுத்து, முதல் துவக்கை வாங்கி இரும்பு அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்த மடல். உங்களில் சிலர் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் நின்று உழைத்தவர்களின் பிள்ளைகள். சிலர் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்து, வேலை கிடைத்து உள்நாட்டுக் கிராமங்களுக்குப் போனவர்கள். கூட வேலை செய்யும் நோர்வேக்காரர் ஒருவர் தன் வேட்டைக் குழுவில் ஓர் இடம் இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டிருப்பார். நல்ல விஷயம், போங்கள். துவக்கு வீட்டுக்கு வந்த அன்று அம்மா முகம் கொடுத்துப் பேசியிருக்க மாட்டார் என்பதும் தெரியும். அவர் வாழ்க்கையில் கண்ட துவக்குகள் வேறு. அதை அவரோடு இருந்து பேசித்தான் தீர்க்க வேண்டும், அதற்கு என்னிடம் வழி இல்லை.

நான் சொல்ல வந்தது உங்கள் ஸ்கோப்புக்கும் துவக்குக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இரும்பைப் பற்றி. மவுண்ட் என்கிறோம். கடையில் கடைசி நிமிடத்தில், காசு கட்டும் மேசைக்குப் பக்கத்தில் வைத்து நீங்கள் தெரிவு செய்யும் பொருள் அது. தெரிவு செய்கிறீர்கள் என்று சொல்வதும் அதிகம். கடைக்காரர் இழுப்பறையைத் திறந்து எதை எடுக்கிறாரோ அதுதான். துவக்குக்கு ஒரு மாதம் விசாரிக்கிறீர்கள். ஸ்கோப்புக்கு இரண்டு மாதம் விசாரிக்கிறீர்கள். இரண்டையும் சேர்த்துப் பிடிக்கும் பொருளுக்கு ஐந்து நிமிடம். என் முதல் குறை இதுதான்.

ஓகஸ்ட் மாதத்தில் சுடுதளத்தில் நிற்கும்போது உங்களைப் பார்க்கிறேன். பெரிய வேட்டைக்கான வருடாந்தச் சூட்டுப் பரீட்சைக்கு வருகிறீர்கள். முதல் வெடி நடுவில். இரண்டாவது ஒரு சாண் வலப்பக்கம். உடனே ஸ்கோப்பின் திருகைப் பிடித்து டிக், டிக், டிக் என்று இடப்பக்கம் நகர்த்துகிறீர்கள். மூன்றாவது வெடி இடப்பக்கம் எங்கேயோ போகிறது. திரும்பவும் டிக், டிக். ரவைப் பெட்டி முடிகிறது, முகம் சிவக்கிறது, ஸ்கோப் கொம்பனிக்கு வசவு விழுகிறது. பிறகு யாராவது ஒரு பெரியவர் வந்து, துவக்கை மேசையில் வைத்து, ஸ்கோப்பின் குழாயை ஒரு கையாலும் பிடங்கை மறுகையாலும் பிடித்து மெல்ல முறுக்கிப் பார்ப்பார். பின் வளையத்துக்கும் அடிக்கட்டைக்கும் இடையில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு திறந்து மூடும். சத்தம்கூட வராது. அவ்வளவு நேரமும் நீங்கள் திருத்திக்கொண்டிருந்தது ஸ்கோப்பை அல்ல, அந்தக் கறுப்புக் கோட்டை.

அந்தக் கோடு எவ்வளவு பெரியது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு வளையங்களுக்கு இடையே 12 சென்ரிமீற்றர் தூரம் என்று வையுங்கள். ஒரு வளையம் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒரு பங்கு நகர்ந்தால், அச்சுப்பொறியில் போடும் சாதாரணத் தாள் ஒன்றின் தடிப்பு அவ்வளவுதான், 100 மீற்றரில் உங்கள் குண்டு 8 சென்ரிமீற்றருக்கு மேல் விலகும். பெரும்பாலான ஐரோப்பிய ஸ்கோப்புகளில் ஒரு டிக் என்பது 100 மீற்றரில் ஒரு சென்ரிமீற்றர். ஆக, ஒரு தாள் தடிப்பு அசைவு எட்டு டிக்குகளை விழுங்கிவிடும். 20,000 குரோனர் கொடுத்து வாங்கிய கண்ணாடியின் துல்லியம் முழுவதும் அந்தத் தாள் தடிப்புக்குள் போய்விடுகிறது.

‘எல்க்கின் நெஞ்சு பெரிதுதானே அண்ணை, எட்டு சென்ரிமீற்றர் என்ன செய்துவிடும்?’ என்று உங்களில் ஒருவராவது கேட்பீர்கள். பரீட்சையும் அந்தத் தைரியத்தைத் தருகிறது. 100 மீற்றரில் மிருக உருவத்தின் மேல் 30 சென்ரிமீற்றர் விட்டமுள்ள வட்டம், அதற்குள் ஐந்து வெடியும் விழுந்தால் சித்தி. மவுண்ட் தளர்ந்த துவக்கும் அந்த வட்டத்துக்குள் சுட்டுவிட முடியும். அதனால்தான் பரீட்சைச் சீட்டு மவுண்டுக்குச் சான்று ஆகாது என்று சொல்கிறேன். சீட்டு உங்களைப் பற்றியது. அதோடு, தளர்ந்த மவுண்டின் பிழை எட்டு சென்ரிமீற்றரில் நின்றுவிடும் என்று யார் சொன்னது? ஒவ்வொரு வெடியின் உதைப்பும் அதை இன்னும் கொஞ்சம் தளர்த்தும். பரீட்சைக்கு முன் கட்டாயப் பயிற்சி 30 வெடி, பிறகு பரீட்சை வெடி, அதற்குப் பிறகு காரின் பின்பெட்டியில் காட்டுப் பாதையில் குலுங்கிய குலுக்கம். செப்ரெம்பர் 25இல் எல்க் வேட்டை திறக்கும்போது உங்கள் கையில் இருப்பது ஓகஸ்டில் சோதித்த அதே துவக்குத்தானா என்று உங்களுக்கே தெரியாது.

காட்டில் மேசை இல்லை, மணல்மூட்டை இல்லை. நாய் குரைக்கும் சத்தம் நெருங்குகிறது, மூச்சு வாங்குகிறது, பேர்ச் மரங்களுக்கிடையே மிருகம் நடந்துகொண்டே இருக்கிறது. அங்கே உங்கள் கை ஆட்டத்தின் பிழையோடு மவுண்டின் பிழையும் சேர்கிறது. இரண்டும் ஒரே பக்கம் சேர்ந்தால் குண்டு நெஞ்சை விட்டுக் குடலுக்குப் போகும். குடலில் வெடி பட்ட எல்க் விழாது. நடக்கும், சதுப்பு நிலம் தாண்டும், அடர்ந்த பற்றைக்குள் போய்ப் படுக்கும், பல மணிநேரம் உயிரோடு கிடக்கும். அதைத் தேடுவது உங்கள் சட்டக் கடமை. மோப்பம் பிடித்துத் தேடப் பழக்கிய நாய் ஒன்று கிடைக்கும்படி ஏற்பாடு செய்துகொண்டுதான் எல்க் வேட்டைக்கே போகலாம் என்பதும் சட்டம். தேடியும் கிடைக்காவிட்டால் கொம்யூனுக்கு அறிவிக்க வேண்டும். குழுவில் எல்லோரும் வேட்டையை நிறுத்திவிட்டு இருட்டுக்குள் உங்கள் பின்னால் வருவார்கள். திட்ட மாட்டார்கள், நோர்வேக்காரர் அப்படித் திட்டுவதில்லை. ஆனால் மிருகம் துடிப்பது யார் திட்டினாலும் திட்டாவிட்டாலும் துடிப்பதுதான்.

சில வீடுகளில் பெரியவர்கள் சொல்வார்கள், வன்னியில் பன்றிக்குப் போனவர்கள் ஸ்கோப் வைத்தா சுட்டார்கள் என்று. சரிதான். நாய் மறித்த பன்றியைச் சில பாகத் தூரத்தில் சிதறுகுண்டால் சுட்டார்கள். அங்கே ஸ்கோப்பும் இல்லை, மவுண்ட் பிழையும் இல்லை. ஸ்கோப் போட்டதும் நீங்கள் நூறு மீற்றருக்கு வெடி வைக்கும் உரிமையை எடுத்துக்கொள்கிறீர்கள். அந்த உரிமையோடு வரும் பொறுப்பு முழுக்க நாலைந்து திருகாணிகளில் தொங்குகிறது.

சரி, எதைத் தெரிவு செய்வது? முதலில் உங்கள் துவக்கின் முதுகைப் பாருங்கள். எந்த மவுண்ட் நல்லது என்று பொதுவாகக் கேட்காதீர்கள், அதற்குப் பதில் கிடையாது. உங்கள் துவக்கின் மேல்பக்கம் எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது.

உங்களில் பலரிடம் இருப்பது பின்லாந்தின் ரிக்கா ரி3எக்ஸ். அதன் முதுகிலேயே 17 மில்லிமீற்றர் அகல வால்வெட்டு (டவ்டெயில்) ஒன்று செதுக்கியிருக்கிறது, திருகாணித் துளைகளும் இருக்கின்றன. வால்வெட்டை நேரே கவ்விப் பிடிக்கும் வளையங்கள் பாரம் குறைந்தவை, தாழ்வாக உட்காரும். நன்றாகச் செய்தது என்றால் போதும். ஆனால் கவ்வும் பிடி மட்டுமே என்றால், உதைப்பில் முன்பின்னாகச் சறுக்காமல் தடுக்க ஒரு தடுப்பும் அதில் இருக்க வேண்டும், கேட்டு வாங்குங்கள். துளைகளில் திருகிப் பூட்டும் நீளமான றெயில் கொஞ்சம் உயரத்தைக் கூட்டும்; பதிலுக்கு ஸ்கோப்பை முன்னே பின்னே வைக்க நிறைய இடம் தரும். கழுத்து நீளமானவர்களுக்கும், கை குட்டையானவர்களுக்கும், குறிப்பாகத் தங்கச்சிமாருக்கும் அந்த இடம் தேவைப்படும். கடையில் இருக்கும் துவக்குகளின் பிடங்கு நீளம் பெரும்பாலும் உயர்ந்த ஆண்களுக்கு அளவெடுத்ததுதானே.

சாக்கோ 85 வைத்திருப்பவர்களுக்கு வேலை சுலபம். அதன் வால்வெட்டு ஒரு முனையில் அகன்று மறுமுனையில் ஒடுங்கும், ஆப்புப் போல. உதைக்க உதைக்க இறுகும். அதற்கென்று செய்த மவுண்டையே வாங்குங்கள், வேறெதையும் பொருத்திப் பார்க்க வேண்டாம். பிளேசர் ஆர்8 என்றால் மவுண்ட் குழலின் மேலேயே உட்காருகிறது. குழலை மாற்றினால் ஸ்கோப்பும் அதோடேயே போகும். அந்தத் துவக்கை வாங்க வசதி உள்ளவர்களுக்கு நான் மவுண்டில் மிச்சம் பிடிக்காதீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைத்திருந்தேன். சொல்லத்தான் வேண்டியிருக்கிறது.

கஷ்டம் பழைய மௌசர் 98காரருக்கு. 1945இல் ஜேர்மன் படை விட்டுப்போன துவக்குகள் இந்த நாட்டில் ஏராளம், அவற்றில் பல வேட்டைத் துவக்குகளாக மாறி இன்னும் காட்டுக்குப் போகின்றன. பக்கத்து வீட்டு முதியவர் குறைந்த விலைக்குத் தந்திருப்பார். அருமையான இரும்பு, சந்தேகமே இல்லை. ஆனால் அது ஸ்கோப்புக்காகப் பிறந்த துவக்கு அல்ல. முதுகில் துளை இருக்காது. தாழ்வாக ஸ்கோப் வைத்தால், பூட்டைத் திறக்க மேலே தூக்கும் கைப்பிடி அதில் முட்டும். பின்னால் மேலெழுந்து புரளும் பாதுகாப்புச் சிறகும் முட்டும். உயரமான வளையம் போட்டுத் தப்பலாம் என்று தோன்றும். தப்ப வேண்டாம். துவக்குத் திருத்துனரிடம் கொண்டுபோய்க் கைப்பிடியை வளைத்து, பாதுகாப்புச் சிறகை மாற்றி, அளவாகத் துளையிட்டுப் பூட்டுங்கள். கோணலாக விழுந்த துளையைப் பிறகு எந்த மவுண்டாலும் நேராக்க முடியாது. இதற்கு ஆகும் செலவு துவக்கு வாங்கிய விலையைத் தாண்டலாம். அதை யோசித்துத்தான் பழைய மௌசரை வாங்க வேண்டும், வாங்கிய பிறகு அல்ல.

றெயில் என்று வந்தால் இரண்டு பெயர் கேட்பீர்கள். வீவர் என்பது அமெரிக்காவில் ஸ்கோப் செய்தவரின் பெயரால் வந்த பழைய வகை. பிக்கற்றினி என்பது 1995இல் அமெரிக்க இராணுவம் தரப்படுத்தியது. பள்ளத்தின் அகலம் 5.23 மில்லிமீற்றர், ஒரு பள்ளத்திலிருந்து அடுத்ததற்கு 10.01 மில்லிமீற்றர். வீவரின் பள்ளம் 4.57 மில்லிமீற்றர்தான், இடைவெளியும் எல்லாவற்றிலும் ஒன்றுபோல இருக்காது. இரண்டும் ஒன்றுதான் என்று கடையில் சொல்வார்கள். வீவர் வளையம் பிக்கற்றினியில் ஏறிவிடும், உண்மை. ஆனால் அதன் குறுக்குத்தண்டு அகன்ற பள்ளத்துக்குள் ஆடும் இடம் அரை மில்லிமீற்றருக்கு மேல். துவக்கு பின்னால் உதைக்கும்போது ஸ்கோப் தன் இடத்திலேயே நிற்கப் பார்க்கும். அதாவது துவக்கைப் பொறுத்தவரை முன்னால் ஓடப் பார்க்கும். ஆகவே எந்த வளையமானாலும், இறுக்குவதற்கு முன் குழல் வாய்ப்பக்கமாக முன்னே தள்ளி, தண்டு பள்ளத்தின் முன்சுவரில் முட்டிய பிறகு இறுக்குங்கள். ஒரு குரோனரும் செலவில்லாத வேலை இது. செய்பவர்கள் குறைவு.

உயரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 56 மில்லிமீற்றர் முன்கண்ணாடி மேல் உங்களுக்கு ஏன் இவ்வளவு ஆசை? மத்திய ஐரோப்பாவில் மேடையில் ஏறி இருந்து, நிலா வெளிச்சத்தில் காட்டுப்பன்றிக்குக் காத்திருப்பவனுக்கு அது வேண்டும். நாய் விரட்டி வரும் எல்க்கை அறுபது மீற்றரில் எதிர்கொள்ளும் உங்களுக்கு 1 தொடக்கம் 6 மடங்கு பெருக்கும், 24 மில்லிமீற்றர் முன்கண்ணாடியுள்ள ஸ்கோப் போதும். அது நேர்க்குழாய், தாழ்வான வளையத்தில் உட்காரும். பெரிய முன்கண்ணாடி ஸ்கோப்பின் மையத்தை ஒன்றரைச் சென்ரிமீற்றர் மேலே தூக்கிவிடும். அந்த ஒன்றரைக்குக் கன்னம் பிடங்கை விட்டு எழும்பும். கன்னம் தாங்கல் இல்லாமல் தலை காற்றில் நிற்கும்போது கண் ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் விழும். கண்ணை மூடித் துவக்கைத் தோளில் ஏற்றுங்கள், பிறகு திறவுங்கள். தலையை அசைக்காமலே முழு வட்டமும் தெரிந்தால் உயரமும் தூரமும் சரி. இதைக் கோடைக்கால ரீசேர்ட்டோடு செய்து பார்க்காதீர்கள். கம்பளிச் சட்டையும் வேட்டைக் கோட்டும் போட்டுக்கொண்டு செய்யுங்கள். ஒக்ரோபர் குளிரில் அந்தத் தடிப்பு உங்களைப் பின்னே தள்ளும். மறுபக்கம், ஸ்கோப்பை மிகவும் பின்னால் இழுத்து வைத்தவர்களின் புருவத்தில் அரைவட்டத் தழும்பு ஒன்று விழும். மேட்டை நோக்கிச் சுடும்போதுதான் அது அதிகம் நடக்கும். அந்தத் தழும்பு உள்ளவர்களைச் சுடுதளத்தில் யாரும் என்ன நடந்தது என்று கேட்பதில்லை.

கழற்றி மாட்டும் மவுண்ட் வேண்டுமா? இங்கே நான் பலரோடு முரண்படுகிறேன். நெம்பைத் தட்டினால் ஸ்கோப் கையோடு வரும், திரும்ப வைத்தால் பழைய இடத்திலேயே சுடும் என்பது விளம்பரம். நல்ல தயாரிப்பில் அது பெரும்பாலும் உண்மையும்கூட. ஆனால் உங்களுக்கு அது எதற்கு? ஒரே துவக்கு, ஒரே ஸ்கோப், குழலில் திறந்த குறிகூட இல்லை. கழற்றினால் எதை வைத்துச் சுடப் போகிறீர்கள்? காயப்பட்ட மிருகத்தைப் பற்றைக்குள் தேடிப் போகிறவருக்கு அது வேண்டும். மழையில் கண்ணாடி மூடிக்கொண்டால் திறந்த குறிக்கு மாறத் தெரிந்தவருக்கு வேண்டும். ஒரே துவக்கில் இரண்டு ஸ்கோப் மாற்றிப் போடுபவருக்கு வேண்டும். மற்றவர்களுக்கு நெம்பு என்பது தளரக்கூடிய இன்னொரு இடம், பாதி மூடியபடி மறந்துபோகக்கூடிய இன்னொரு பொருள். முதல் ஐந்து வருடத்துக்காவது நிலையாகத் திருகிப் பூட்டும் மவுண்டோடு இருங்கள்.

பூட்டுவதை நீங்களே செய்யலாம், செய்யத்தான் வேண்டும். துளைகளில் தொழிற்சாலை எண்ணெய் இருக்கும், அதைத் துடைத்தெடுங்கள். அடிக்கட்டைத் திருகாணிக்கு, பிறகு கழற்றக்கூடிய நடுத்தரத் திருகாணிப் பசை ஒரு துளி. வளையங்களின் மேல்மூடிக்குப் பெரும்பாலும் பசை வேண்டாம்; செய்தவரின் தாளில் வேறு விதமாக எழுதியிருந்தால் தாள் சொல்வதே சட்டம். முறுக்குவிசை காட்டும் சாவி ஒன்றைக் குழுவாகச் சேர்ந்தாவது வாங்குங்கள். வளையத் திருகாணிகளுக்குப் பெரும்பாலும் 2 நியூட்டன்மீற்றர் அளவே கேட்பார்கள், அது கைக்கு மிகக் குறைவாகத் தோன்றும். பலம் காட்ட வேண்டாம். அதிகம் இறுக்கிய வளையம் குழாயை நசுக்கும், உள்ளே குறுக்குக் கோட்டைத் தாங்கும் பகுதி சிக்கும். அப்போதும் டிக் டிக் என்று திருகுவீர்கள், அப்போதும் குண்டு கேட்காது. இரண்டு பக்க இடைவெளியும் சமமாக வரும்படி மாறி மாறி இறுக்குங்கள். முடிந்ததும் ஒவ்வொரு திருகாணித் தலையிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழுத்துவிடுங்கள். கோடு முறிந்திருந்தால் திருகாணி திரும்பியிருக்கிறது. காட்டில் ஒரு பார்வையில் தெரிந்துவிடும்.

கடைக்காரர் லேசர் வைத்துச் சரிபார்த்துத் தந்தார் என்று சொல்லி நேரே காட்டுக்குப் போக நினைப்பவர்களே, அந்த லேசர் உங்கள் முதல் குண்டு இலக்குத் தாளில் விழுவதற்கு மட்டும்தான். அதற்கு மேல் அது எதையும் சரிபார்க்கவில்லை. ஒரு பருவ மத்தியில், கடையில் பூட்டித் தந்த துவக்கு ஒன்றைக் கழற்றிப் பார்த்தோம். நான்கு அடித் திருகாணியில் ஒன்று துளையின் அடியில் முட்டி நின்றது, அதன் தலை அடிக்கட்டையைத் தொடவே இல்லை. எந்தக் கடை என்று கேட்காதீர்கள். எந்தக் கடையிலும் சனிக்கிழமை பின்னேரம் கூட்டத்துக்குள் நடக்கக்கூடியது அது. சுடப் போகிறவர் நீங்கள், கடைக்காரர் அல்ல.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இது. துவக்கும் ஸ்கோப்பும் வாங்கக் கணக்குப் போடும்போது மவுண்டுக்கும் முதலிலேயே ஒரு தொகையை ஒதுக்குங்கள். அது பத்தாவிட்டால் ஸ்கோப்பில் ஒரு படி இறங்குங்கள், மவுண்டில் இறங்காதீர்கள். பரீட்சை முடிந்த பிறகு, செப்ரெம்பர் நடுப்பகுதியில் இன்னொரு நாள் சுடுதளத்துக்கு வாருங்கள். திருகாணிகளைப் பார்த்து, வேட்டைக்குக் கொண்டுபோகும் அதே ரவையில் மூன்று வெடி வையுங்கள். காட்டில் துவக்கு கல்லில் விழுந்தால், பனியில் நீங்கள் சறுக்கி அதன்மேல் விழுந்தால், வேட்டைத் தலைவரிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சோதித்துவிட்டு வாருங்கள். ஒருவரும் குறைவாக நினைக்க மாட்டார்கள், மறைத்தால்தான் நினைப்பார்கள். சோதிக்க வழியில்லாத நாளில் ரவையைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டு நாயைக் கொண்டுபோகிறவரோடு நடந்து வாருங்கள். முறுக்குச் சாவி இல்லாதவர்களுக்குச் சொல்லி வைக்கிறேன்: எங்கள் சுடுதளத்துக் குடிலில் ஒன்று இருக்கிறது, வந்து கேட்டு எடுங்கள், பாவித்துவிட்டுத் திரும்ப அதே பெட்டிக்குள் வையுங்கள்.

அன்புடன்,
சுடுதளத்தில் நிற்கும் உங்கள் அண்ணன் ஒருவன்